பட்டணத்தில் அப்படி என்ன கிடக்கு?

யாழ்ப்பாணம்,
மார்கழித் தொடக்கம்.

அன்புள்ள அத்தானுக்கு, மீனலோசனி எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் எல்லோரும் கடிதம் தொடங்குவார்கள். இந்த முறை நான் அதை உண்மையாகவே கேட்கிறேன். புயல் தொடங்கிய நாளிலிருந்து உங்கள் தொலைபேசி வேலை செய்யவில்லை. நெடுந்தீவில் தொலைபேசிக் கோபுரம் சரிந்துவிட்டதாம், மின்சாரமும் இல்லையாம். படகும் ஓடவில்லை. கடல் அடங்கினால் முதற் படகில் போவதாக நம் ஊர்க் கிறிஸ்தோப்பர் அண்ணை சொன்னார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக் கூரை இருக்கிறதா, மாடுகள் குளிரில் விறைக்காமல் தப்பினவா, ஒன்றும் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாள். ஓம், பெண்பிள்ளை. நாள் வருவதற்கு முன்பே பிறந்ததால் மிகவும் சின்னவள். கண்ணாடிப் பெட்டியில் சூட்டில் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் எழுதுகிறேன்.

ஆவணியில் என்னை இங்கே வாடகை அறையில் கொண்டுவந்து விட்டுத் திரும்பும்போது கேட்டீர்கள். “உந்தப் பட்டணத்திலை அப்பிடி என்னதான் கிடக்கு? பிள்ளை பிறந்த கையோடை நீர் வந்திட வேணும்” என்றீர்கள். அதற்கு இப்போது, இங்கே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நல்லதை மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இங்கே காணிகள் துண்டு துண்டாகி, ஒரு வீட்டுக் கிணற்றடியில் மற்ற வீட்டு மலக்குழி இருக்கிறது. கிணறு நிறையத் தண்ணீர், ஆனால் குடிப்பதற்குப் போத்தலில் வாங்குகிறோம். நான் இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கை முடிவில் இருந்த குளத்தை மண் போட்டு நிரவி மாடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். நாள் முழுக்க மண் லொறி. உடுப்புக் காயப்போட்டால் செம்மண் நிறத்தில்தான் எடுக்கவேண்டும். அந்த லொறியைத் திட்டாத நாளில்லை. பின்னேரத்தில் பெடியங்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கும்போது தெருவைக் கடக்கவே பயம். பக்கத்து அறையில் இருக்கும் தையற்காரி பிரேமினி, வந்த புதிதில் என்னோடு பேசியதே சண்டைக்குத்தான். நான் ஊற்றிய தண்ணீர் அவருடைய வாசலில் போய் நிற்கிறதாம்.

நல்லதும் உண்டு. கிளினிக்குக்கு நடந்தே போய்வரலாம். இன்னொன்றை நீங்கள் பிழையாக விளங்கக்கூடாது. இங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. ஊரில் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், “பாவம், பிள்ளையைக் கடலுக்கை பறிகொடுத்தவள்” என்ற பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டே வரும். அன்பில்தான் பார்க்கிறார்கள், தெரியும். ஆனால் இங்கே வந்த பிறகுதான் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தேன்.

ஆனால், ஒருவருக்கும் தெரியாது என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. புயல் நாளன்று விடியத்தான் அது விளங்கிற்று. குளம் இருந்த இடத்துக்குப் போகவேண்டிய வெள்ளம் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. எழும்பிப் பார்த்தால் கட்டிற்கால் தண்ணீருக்குள். வீட்டுச் சொந்தக்காரர் முதல் நாளே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து இடுப்புக் குத்துத் தொடங்கிற்று. கூப்பிட எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. சுவரில் தட்டினேன்.

பிரேமினிதான் வந்தார். வந்ததும் ஏச்சு. “வயித்திலை பிள்ளையை வைச்சுக்கொண்டு முதலே தட்டாமல் என்ன பார்த்துக்கொண்டு இருந்தனீர்?” என்றார். அம்புலன்சுக்குப் போன் அடித்தால், ஒழுங்கைக்குள் வரமுடியாது, வீதிக்குக் கொண்டுவாருங்கள் என்றார்களாம். ஓட்டோவும் வராது. அப்போது கட்டடத்தில் நின்ற மண் லொறியை வெள்ளத்துக்குப் பயந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேமினி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

என்னைக் கதிரையில் இருத்தி, சாரதியும் அவருமாகத் தூக்கி ஏற்றினார்கள். சாரதிக்கு முகமெல்லாம் வேர்வை. “அக்கா, மெல்லமாப் போறதோ, கெதியாப் போறதோ?” என்று கேட்டார். “ரெண்டும்” என்றார் பிரேமினி. அந்த நோவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. கண்ணை மூடினால் படகின் ஆட்டமும் உங்கள் முகமும்தான் தெரிந்தன. எவ்வளவு நேரம் போயும் கரை தெரியாத, மூத்தவன் படகிலேயே பிறந்த அந்தக் காலைதான். ஆனால் கண்ணைத் திறந்தபோது ஆஸ்பத்திரி வாசல்.

அத்தான், பிள்ளை அழுதது. படகில் நாங்கள் இருவரும் காத்திருந்தும் கேட்காத சத்தத்தை நான் கேட்டேன். நீங்கள் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

பிரேமினி வன்னியில் இருந்து வந்தவராம். யாரை விட்டு வந்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளும் சூப் கொண்டுவருகிறார், ஏச்சும் கொண்டுவருகிறார்.

டொக்டரம்மா நேற்றுச் சொன்னதையும் மறைக்கக்கூடாது. “பிள்ளைக்கு நெஞ்சு இன்னும் பலப்படேல்லை. நடக்கத் தொடங்கும் மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருங்கோ. கடல் தாண்டிக் கொண்டுபோக ஏலாது” என்றார். நான் தலையாட்டினேன். உங்களைக் கேளாமல் ஆட்டினேன்.

கோபிப்பீர்கள். வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது என்பீர்கள். மாடுகளைத் தம்பி சசிகரன் பார்ப்பான். நீங்கள் அங்கிருந்து அசையாததற்கு வயலும் மாடும் காரணம் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். பின்னேரங்களில் மாடுகளைப் பட்டிக்குச் சாய்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்பதும் தெரியும். நாம் அதை ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்காமல், நீங்கள் திரும்பி வரும்போது தேத்தண்ணீரைச் சுடவைத்துத் தந்துகொண்டிருந்தேன்.

இந்த மழைக்கு, மூத்தவனை வைத்த அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஒருக்கால் போய், கரையை வெட்டி வடியவிடுங்கள். ஒரு விளக்கும் வையுங்கள். தங்கச்சி பிறந்திருக்கிறாள் என்று அவனிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் சரி.

சொல்லிவிட்டு, அடுத்த படகில் வாருங்கள்.

பிள்ளையார் உங்களைக் கரை சேர்ப்பார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மீனலோசனி