சாக்கடைக்கு உப்பு

ஜூன் 3, 2025

விடுதிக் கழிவுநீரால் ஏரியில் மீன் சாகிறது என்று ஊரார் புகார். அதனால் இன்று ஜியோலைட் கல் வந்து இறங்கியது. அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் கல். கல்வராயன் மலையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து கல் வாங்குவானேன் என்றார் கல்லூரிச் செயலாளர் அரங்கநாதன். ஒரு மாதத்தில் அம்மோனியா குறையாவிட்டால் கல்லும் போகும், பொறியாளர் நானும் போவேன்.

ஜூன் 9

அம்மோனியா லிட்டருக்கு நாற்பது மில்லிகிராமிலிருந்து மூன்று! இவளுக்கும் மூளை உண்டு என்பதுபோல் செயலாளர் என்னைப் பார்த்தார்.

ஜூன் 13

கல் நிரம்பினால் அம்மோனியா வெளியேற உப்புக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாள் அக்காவுக்கு விளக்கினேன். வாரம் ஒரு மூட்டை கல் உப்பு. தலையாட்டினார். அந்த நாற்றத்தில் இன்னொரு முறை போய்ப் பார்க்க என் மூக்கு சம்மதிக்கவில்லை.

ஜூன் 20

பதினெட்டு.

ஜூன் 24

முப்பத்தொன்று. கல் மட்டமா? என் கணக்கு தப்பா? என் கணக்கு எப்படித் தப்பாகும் — கல் அனுப்பியவர்களுக்கு ஆறு வரைபடத்தோடு காட்டமாக ஒரு கடிதம் அனுப்பினேன்.

ஜூன் 27

மானம் போயிற்று. மோட்டார் அறைக்குப் பின்னால் இரண்டு உப்பு மூட்டைகள். பிரிக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமப் பொட்டு.

பெரியம்மாள் அக்கா மறைக்கவில்லை. "உப்பு மகாலட்சுமிம்மா. அத்த பீத்தண்ணியில கொட்டச் சொல்றீங்களே, எனுக்கு மூணு பொண்ணுங்க இருக்குதுங்க. அதான் நல்ல தண்ணியிலயே கழுவிக்கினு இருந்தேன்."

நல்ல தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அம்மோனியா அந்தக் கல்லை விடாது. நான் படித்த நான்கு வருடப் படிப்பில் லட்சுமி எந்தப் பாடத்திலும் வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. இரண்டு வாரத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள் அங்கே போய் நின்றிருந்தால்?

ஜூன் 28

உப்பை நானே கொட்டினேன். பிறகு குளித்தேன், இரண்டு முறை.

ஜூன் 30

"யாரு தப்புன்னு பேரச் சொல்லு எழில்மதி, அனுப்பிடலாம்" என்றார் செயலாளர். என் பெயரைச் சொன்னேன். தியாகமெல்லாம் இல்லை, உண்மை அதுதான்.

ஜூலை 3

நான்கு. வேலை தப்பியது. கல் அனுப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். இதில் வரைபடம் இல்லை.

ஜூலை 12

உப்பு கொட்டுவது இனி பொறியாளர் வேலை. வெள்ளிக்கிழமை கூடவே கூடாது என்று பெரியம்மாள் அக்கா தடை போட்டதால் சனிக்கிழமை. இன்று நான் மூட்டையைக் கவிழ்த்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, எனக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.