மாப்பிள்ளை கார் பின்னால் போகாது

போலீஸ் லைன், திருப்பூர்.
5-9-1966

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

சாரதாமணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் பழனியம்மாளும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமாக இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஆகையால் அதை விசாரிக்காமல் நேரே சண்டைக்கு வருகிறேன்.

கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. எஸ்.ஐ. பயிற்சியில் உங்களோடு நிற்பவர்கள் எல்லாம் காலேஜ் முடித்து நேராக வந்த பிள்ளைகள், இந்த வயதில் அவர்கள் நடுவே நிற்கக் கூச்சமாக இருக்கிறது, அணிவகுப்பில் உத்தரவு கொடுத்தால் குரல் பின் வரிசைக்கு எட்டவில்லை என்று எல்லோரும் சிரிக்கிறார்கள், நாலு பேரை நடத்துகிற திராணி எனக்கு இல்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வருகிற திங்கட்கிழமை தனி ஆளாக அணியை நடத்திக் காட்ட வேண்டுமாம். அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு ஏட்டாகவே ஊருக்கு வந்துவிடுகிறேன் என்கிறீர்கள். கடைசியில் மட்டும், உன் விருப்பம் என்ன என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கம் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அன்றைக்கே பதில் எழுதியிருந்தால், வந்துவிடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். நல்ல வேளையாக நம் ஊர் ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பனியன் கம்பெனி சாமியப்பன் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதே சந்தின் மறுகோடியில் நூல் கடை செங்கோட்டையன் வீட்டிலும் பெண்ணுக்குக் கல்யாணம், அங்கேயும் மாப்பிள்ளை அழைப்பு. காலையிலிருந்தே இரண்டு வீட்டு ஒலிபெருக்கியும் எதிரும் புதிருமாகப் பாடிக்கொண்டிருந்தன. பழனியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு ஆடினாள்.

சாயங்காலம் நடந்ததைக் கேளுங்கள். சாமியப்பன் வீட்டு மாப்பிள்ளை கிழக்கே இருந்து அலங்காரக் காரில் வருகிறார். செங்கோட்டையன் வீட்டு மாப்பிள்ளை மேற்கே இருந்து வருகிறார். சந்தின் நடுவில், நமக்குத் தெரிந்த முத்தாத்தாள் அக்கா வீட்டு வாசலில், இரண்டு காரும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி வந்து நின்றன. ஒன்று விலகினால்தான் மற்றது போகலாம். செங்கோட்டையன் வீட்டுக் காருக்குச் சற்றுப் பின்னால் நூல் குடோன் வாசல் விசாலமாகத் திறந்து கிடந்தது. அதற்குள் பின்னால் போய் ஒதுங்கினால் முடிந்தது. ஆனால் யார் போவது? “மாப்பள ஏறுன காரு பின்னால போவாதுங்க” என்று அந்தப் பக்கம். “எங்குளுது மட்டும் போவுமாங்க?” என்று இந்தப் பக்கம். வாக்கு வளர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நம்மவர்களைப் பற்றித்தான் தெரியுமே, சட்டையைப் பிடித்துக்கொண்டும் “மருவாதியாப் பேசுங்க” என்றுதான் கத்தினார்கள். யாரோ ஒருவர் பந்தல் மூங்கிலை உருவப் போனதும் மகளை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டேன்.

எஸ்.ஐ. வெளியூர் போயிருந்தார். ஸ்டேஷனிலிருந்து வந்தது யார் தெரியுமா? உங்கள் ஞானசம்பந்தம்தான், இன்னும் இரண்டு கான்ஸ்டபிள்களோடு. அந்தத் தெற்கத்திப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னால் லத்தியைத் தூக்குகிறான், இவனை எப்படித் திருத்துவேன் என்று நீங்கள் சாப்பிடும்போதெல்லாம் புலம்புவீர்களே, அதே ஆள். இன்றைக்குக் கல்யாணம் கெட்டது என்றே நினைத்தேன்.

மாமா, அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு காருக்கும் நடுவில் போய் நின்று, “யாராச்சும் குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எந்தச் சண்டைக்குப் போனாலும் முதலில் இரண்டு பக்கத்து வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தானே நீங்கள் விசாரணையைத் தொடங்குவீர்கள்? அதற்காக ஸ்டேஷனில் உங்களுக்குச் சொம்பு ஏட்டு என்று பெயர் வைத்துச் சிரித்தவர்களில் இந்த ஞானசம்பந்தமும் ஒருவர் அல்லவா?

தண்ணீர் கேட்டு வந்தவரை நிற்க வைத்துக்கொண்டு நம் ஊரில் யார் சண்டை போடுவார்கள்? இரண்டு பக்கத்திலிருந்தும் சொம்பு வந்தது. முகம் சுளிக்காமல் இரண்டையும் குடித்தார். அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் யாரும் சொல்லாமலே பேண்டுக்காரர்களிடம் போய் வாத்தியத்தை நிறுத்தினார். இன்னொருவர் குழந்தைகளையும் எங்களையும் ஓரமாக ஒதுக்கினார். சத்தம் நின்றதும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. பிறகு ஞானசம்பந்தம், மாப்பிள்ளைகளுக்கும் நாக்கு வறண்டிருக்குமே என்றார். முத்தாத்தாள் அக்கா உடனே, “ஊட்டு வாசலுக்கு வந்த மாப்பளைகளுக்குக் காருல வெச்சா தண்ணி குடுக்கறது? எறங்கி உள்ள வாங்க சாமி” என்று இரண்டு பேரையும் கையோடு அழைத்துப் போய்விட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவர்களாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, புதுச் செருப்பு கடித்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஞானசம்பந்தம் பெரியவர்களிடம், காரில் இப்போது மாப்பிள்ளை இல்லையே, வெறும் கார் பின்னால் போகலாம்தானே என்று கேட்டார். “அது தாராளமாப் போலாமுங்க” என்றார்கள். அத்தோடு முடிந்ததா? இல்லை. இப்போது மரியாதை வந்து புகுந்துகொண்டது. “எங்க காரு ஒதுங்கட்டுமுங்க, நீங்க போங்க” என்கிறார் செங்கோட்டையன். “அதெப்புடீங்க, நாங்க பின்னால போறோமுங்க” என்கிறார் சாமியப்பன். சண்டை போட்டதைவிட அதிக நேரம் இந்த உபசாரம் நடந்தது. பாவம் ஞானசம்பந்தம், தண்ணீர் குடித்த வயிற்றோடு இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைசியில் குடோன் பக்கத்துக் காரைக் கைகாட்டி ஒரு அதட்டல் போட்டாரே பார்க்க வேண்டும். கார் குடோனுக்குள் ஓடிவிட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் வந்து ஏறி, அவரவர் திக்கில் போனார்கள். இரண்டு வீட்டிலும் விடாமல் இழுத்து உட்கார வைத்ததில் ஞானசம்பந்தம் இரண்டு பந்தியில் சாப்பிட்டார்.

சாப்பிட்டு வந்தவரைப் பிடித்து, லத்தியை எங்கே தொலைத்தீர்கள் என்று கேலியாகக் கேட்டேன். வெட்கப்பட்டார். “ஏட்டையா கூட நின்னு நின்னு வந்துட்டுக்கா. இப்படிச் செய்னு அவுக ஒருநாளும் சொன்னதில்ல. நான் லத்திய ஓங்குனா திரும்பி ஒரு பார்வை பாப்பாக. அவ்வளவுதான்” என்றார். பிறகு, “எஸ்.ஐ. ஆகி நம்ம ஸ்டேஷனுக்கே வந்தாகன்னா நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

இப்போது சொல்லுங்கள். உங்கள் குரல் பின் வரிசைக்குக் கேட்கவில்லையாம். ராயபுரம் வரைக்கும் கேட்டதே! நீங்கள் இல்லாத இடத்தில் மூன்று ஆண்கள் நீங்கள் நினைப்பதைச் செய்தார்கள். இதற்குப் பெயர் நடத்துவது இல்லை என்றால் வேறு எதற்கு? எனக்குப் பெருமை தாங்கவில்லை, மாமா. வருகிற வழியெல்லாம் பழனியம்மாளிடம் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவள் வகுப்பில் அப்பா ஏற்கெனவே எஸ்.ஐ. ஆகிவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறாளாம். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சத்தம் போடுவது ஒரு பெரிய காரியமா? அன்றைக்கு ஞானசம்பந்தமும் கடைசியில் ஒரு அதட்டல் போட்டார்தானே? குரல் இல்லை என்று என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். கல்யாணமான புதிதில் காங்கேயத்தில் உங்கள் தோட்டத்தில் மேய்ச்சலுக்குப் போன மயிலைக் காளையை நீங்கள் கூப்பிட்ட சத்தத்தில், அடுப்படியில் நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். காளைக்கு முன்னால் கூச்சமில்லை, மனிதர்களுக்கு முன்னால்தான் கூச்சம். திங்கட்கிழமை பின் வரிசையில் நிற்பது அந்தக் காளைதான் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். காளையின் பெயரைச் சொல்லி மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், அப்புறம் பயிற்சி முடிகிற வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சித்தரத்தையும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு. பருப்புப் பொடி உங்களுக்கு மட்டும். எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவோடு நிற்காதீர்கள். இங்கே ஒரு குறையும் இல்லை. நல்ல மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சமையல்கட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை நானே ஏணி போட்டு ஏறி மாற்றிவிட்டேன்.

என் விருப்பம் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? பாதியில் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை எழுத மறுக்கிறது. பஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறவள் நான். நீங்கள் வந்து நின்றால் எதையும் கேட்க மாட்டேன். கதவைத் திறந்து, சந்தகை பிழிந்து போட்டு, உங்கள் எதிரில் உட்கார்ந்து சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னால் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அதனால்தான் கும்பிட்டுக் கேட்கிறேன், இப்போது வந்துவிடாதீர்கள் மாமா.

சிவன்மலை முருகன் உங்கள் தொண்டையில் இருந்து பேசட்டும்.

என்றும் உங்கள்,
சாரதாமணி