மயில்கழுத்து ரவிக்கை

செப்டம்பர் 11, புதன்

விடியலில் தூறல். ஒன்பது மணிக்கே வெயில். மாதர் சங்கத் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும். பெல்ட் தளர்ந்துவிட்டது.

பி.டி.ஓ. கூப்பிட்டார். இருபத்தாறாம் தேதி மந்திரி வருகிறார். புது ரக நெல், மாதிரி வயல், நடவுத் தொடக்கம். வயல் மிராசுதாருடையது. (இனி மி. போதும். முழுதாக எழுதினால் கும்பிட்ட மாதிரி இருக்கிறது.)

நெல்லுக்கு என்னை ஏன் கூப்பிட வேண்டும்? விஷயம் துணி.

பி.டி.ஓ. அறைச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. மெட்ராஸ் ஓவியர் யாரோ வரைந்த நடவுக் காட்சி, வண்ண அச்சு. அசல் மந்திரி வீட்டுக் கூடத்தில் இருக்கிறதாம். வருகிறவர்களிடமெல்லாம் "எங்க டெல்டா" என்று காட்டுகிறாராம். அதனால் பி.டி.ஓ.வுக்கு ஒரு யோசனை: மந்திரி வந்து இறங்கும்போது வயலே அந்தப் படமாக இருக்க வேண்டும்.

"ஏழு பொம்பளைங்க. அதே கலர். ஒண்ணுகூட மாறக்கூடாது. நீதாம்மா கிராம சேவிகா, உனக்குத்தான் துணிமணி தெரியும்."

படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். இடமிருந்து வலம்:
கிளிப்பச்சை
மஞ்சள்
மயில்கழுத்து
வாடாமல்லி
அரக்கு
கத்திரிப்பூ
மாம்பழ நிறம்

ஏழு பேர் மேலும் ஒரு பொட்டு சேறு இல்லை. ஏழு பேரும் முன்னோக்கி நடந்து நடுகிறார்கள், நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துக்கொண்டு. ஏழு பேருக்கும் ரவிக்கை.

மி.யின் வயலில் இறங்கும் சேரிப் பெண் எவளும் ரவிக்கை போட்டு நான் பார்த்ததில்லை. போடக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். ஓவியர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அல்லது வந்து, பார்த்து, கூச்சப்பட்டு, தூரிகையால் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

மாயவரம். பஸ்ஸில் நின்றுகொண்டே. கடைக்காரர் புடவைகளை விரித்துப் போட்டார். கிளிப்பச்சை, அரக்கு உடனே கிடைத்தன. வாடாமல்லிக்கு நாலு கடை. கத்திரிப்பூ சற்று வெளிறல், பரவாயில்லை.

"கல்யாணமாம்மா?"
"நடவு."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

மயில்கழுத்துதான் பாடு. ஒரு பக்கம் பார்த்தால் நீலம், திருப்பினால் பச்சை. புடவை கிடைத்தது. ரவிக்கைத் துணி பொருந்தவில்லை. கடைசியில் மூலையில் ஒரு துண்டு. ஒருத்திக்கு மட்டும் காணும்.

ஊர் திரும்பி டெய்லர் சண்முகத்திடம் போனேன். துணியைத் தடவிப் பார்த்தார். யாருக்கு என்று சொன்னதும் கையை எடுத்துவிட்டார்.

"அளவு எடுக்கணுமேம்மா."
"எடுங்க."
"தொட்டு எடுக்கணும்மா. அப்புறம் ஊர்ல எவன் எங்கிட்டத் துணி கொடுப்பான்?"

வீட்டு வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி கட்டியிருக்கிறார். பழைய கொடி இல்லை, புத்தம் புதியது.

நானே தைக்கிறேன் என்று வந்துவிட்டேன். கோபத்தில் சொன்னது. ஏழு ரவிக்கை. கழுத்து வெட்ட எனக்குச் சரியாக வராது.

செப்டம்பர் 15, ஞாயிறு

சேரிக்குப் போனேன். வேலை இல்லாத நாள். வழியில் நாற்றங்கால் எல்லாம் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து ஓடுகிறது. பார்க்க அழகுதான். அழகாக இருப்பதே எரிச்சலாக இருக்கிறது.

"வாங்க, உக்காருங்க" என்றேன் பெண்களிடம். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏய், நம்மளப் போயி வாங்கங்கிறாங்கடி."

டேப்பை எடுத்ததும் சிரிப்பு நின்றது. அளவு எடுக்க இதுவரை யாரும் அவர்களைத் தொட்டதில்லை. முதல் இருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். "மூச்சு விடுங்க, இல்லாட்டி ரவிக்கை பத்தாது." பிறகு பேச்சு கிளம்பிவிட்டது.

"எனக்கு முதுகு மட்டும் தச்சாப் போதும், பண்ணை ஏஜண்டு பாக்குறது அதத்தான்."
"உனக்கு வாய்க்குத்தான்டி தைக்கணும்."

அஞ்சலை கடைசியாக வந்தாள். என் வயது இருக்கும். மெலிவு, ஆனால் தோள் அகலம், நடவுத் தோள். வந்ததும் கேள்வி.

"டீச்சரம்மா, மந்திரி போனப்புறம் இது யாருக்கு?"
"உங்களுக்குத்தான்."
"மறுநாளு போட்டுக்கிட்டு வயல்ல எறங்கலாமா?"

அவள் புருஷன் மாரிமுத்து கொட்டகை ஓரம் பீடியோடு உட்கார்ந்திருந்தான். செங்கொடிச் சங்கத்து ஆள். "அரசாங்கமே தச்சுக் கொடுத்துச்சுன்னா அப்புறம் எவன் கேப்பான்? அதானே கணக்கு? போடு, அஞ்சல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "உங்களக் கேட்டேன்."

"இறங்கலாம்" என்றேன்.

எந்த அதிகாரத்தில் சொன்னேன்? தெரியாது. சொன்னது சந்தோஷமாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

செப்டம்பர் 19, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. ஐந்து முடிந்தது. மஞ்சளில் கை மாற்றித் தைத்துப் பிரித்தேன். விரலில் ஊசி.

அஞ்சலை வேலை முடிந்து வந்தாள், காலில் சேறு காயாமல். கழுவிவிட்டு உள்ளே வந்து மயில்கழுத்தைப் போட்டுப் பார்த்தாள். என்னிடம் இருப்பது கைக் கண்ணாடி. தோள், கழுத்து, கை என்று துண்டு துண்டாகப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். இடது கையில் நாற்றுமுடி பிடிப்பதுபோல், வலது கையால் நடுவதுபோல். இரண்டு எட்டு பின்னால் வைத்தாள்.

"அக்குள்ல பிடிக்குது. கொஞ்சம் விட்டுடுங்க. நாள் பூரா குனியணுமில்ல."

இருபத்தாறாம் தேதி நடப்பது அரைமணி நேரக் கூத்து. அவள் நாள் பூரா என்கிறாள். விட்டுத் தைத்தேன்.

படத்தில் இருக்கிறவளைவிட நன்றாக இருந்தாள். இதை யாரிடமும் சொல்லமுடியாது, இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மி. ஆபீசுக்கே வந்துவிட்டார். பி.டி.ஓ. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றார். மேஜை மேல் ஏழு ரவிக்கையும் மடித்து வைத்திருந்தேன். மி. கைத்தடி நுனியால் மேலே இருந்ததைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு யோசன?"
"படத்துல இருக்குதுங்க" என்றார் பி.டி.ஓ.
"படத்துல ஆயிரம் இருக்கும். நெலம் என்னுது. இன்னிக்கு ரவிக்க போடுவா. நாளைக்குக் கூலி பேசுவா. நாளன்னிக்கு அவ புருஷன் தோள்ல துண்டோட என் தெருவுல நடப்பான்."

"இதுக்கெல்லாம்தானே சார் இந்த கவர்மெண்டு வந்தது?" என்றேன்.

மி. என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "கவர்மெண்டு வரும்மா, போகும். மந்திரி மத்தியானம் சாப்பாடு யார் வீட்ல, கேட்டியா?"

முடிவு: மந்திரி நிற்கும்வரை ரவிக்கை. கார் கிளம்பியதும் வரப்பிலேயே கழற்றி ஏஜண்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

வரப்பிலேயே.

"உன் புரட்சியெல்லாம் லீவு நாள்ல வச்சுக்கம்மா" என்றார் பி.டி.ஓ., மி. போனபிறகு. கெட்டவர் இல்லை. மூன்று பெண்கள், மாற்றல் பயம். கெட்டவராக இருந்தால் எழுதச் சுலபம்.

சாயங்காலம் சேரியில் சொன்னேன். அஞ்சலைதான் சொன்னாள்: "அத்தன ஆம்பளைங்க நிக்கிற எடத்துல அவுக்கணுமா? இது இல்லாமயே இருந்தோம். அது வேற. போட்டுட்டு அவுக்க மாட்டோம். அவருக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லுங்க."

ஏழு பேரும் நடவுக்கு வரவில்லை என்றார்கள். கூலிக்காக இல்லை. நெல் அளக்கும் மரக்கால் சண்டையும் இல்லை. மாரிமுத்துவுக்கே ஆச்சரியம், சங்கத்தில் கேட்காமல் எப்படி என்று முணுமுணுத்தான்.

செப்டம்பர் 25, புதன்

மி. வேறு ஆள் பார்த்துவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் பெண்கள். கூடவே ஒரு வண்டி போலீஸ். அவர்களும் கூலிக்காரிகள்தான், அவர்களும் ரவிக்கை இல்லாதவர்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. ஒருத்தி என்னிடம், "ஏம்மா, திருவிழாவா?"

உத்தரவு: ரவிக்கைகளை இவர்களுக்குப் பொருத்த வேண்டும்.

எந்த ரவிக்கையும் எந்த உடம்புக்கும் சேரவில்லை. கிளிப்பச்சைக்காரிக்குத் தோள் இறங்குகிறது. அரக்கு பின்னால் மூடவே இல்லை, ஊக்கு குத்தினேன். "முன்பக்கம் சரியா இருந்தாப் போதும், போட்டோ முன்னாலதான்" என்றார் பி.டி.ஓ. ஆறு ரவிக்கையைப் பிரித்தேன். நானே தைத்த தையலை நானே பிரித்தேன். மறுக்கவில்லை. சம்பளம், அப்பா, தம்பி படிப்பு, எல்லாம் கண்முன் வந்து வரிசையாக நின்றன.

ஏழாவதைப் பிரிக்கவில்லை. மயில்கழுத்தைப் புடவைக்குள் செருகிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் சேரிக்குப் போய் அஞ்சலையிடம் கொடுத்தேன்.

"திருட்டா?" என்றாள்.
"அளவு உன்னுது."

முதல் தடவையாக 'உன்' என்று சொன்னேன். வாங்கிக்கொண்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

நல்ல வெயில். படத்துக்கு ஏற்ற வானம்.

மந்திரி இரண்டு மணி நேரம் தாமதம். பெண்கள் சேற்றில் நின்றே காத்திருந்தார்கள். ஏழாவது பெண்ணுக்கு ரவிக்கை காணோம் என்று பி.டி.ஓ. தலையில் அடித்துக்கொண்டார். அவளை ஓரத்தில் நிறுத்தி முந்தானையை இழுத்துப் போர்த்தினார்கள். முன்னோக்கி நடந்து நடச் சொன்னார்கள். நட்டதை மிதித்தார்கள். மந்திரி கைதட்டினார்.

"வயலுக்கு வந்தது வண்ணம், எளியோர் வாழ்வுக்கு வந்தது எண்ணம்!" எந்த எண்ணம் என்று சொல்லவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் சேரிப் பெண்கள் கும்பலாக நின்றார்கள். நடுவில் அஞ்சலை. வெளுத்த பழைய புடவை, மேலே மயில்கழுத்து. கோஷம் இல்லை, கொடி இல்லை. சும்மா நின்றாள்.

கார் ஏறும்போது மந்திரி பார்த்துவிட்டார். விரல் நீட்டி, "அதோ பாருங்க, அந்தப் பொண்ணு! அப்படியே நம்ம படத்துல மூணாவதா இருக்கறவ! அவளை ஏன் வயல்ல விடல?" கையை ஆட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மி.யும் சிரித்தார்.

கார்கள் போயின. பின்னாலேயே போலீசும் போனது. நான் வரப்பில் ஆறு ரவிக்கைக்கும் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரோட்டில் கூச்சல். ஏஜண்டும் நாலைந்து பேரும், கையில் கம்பு. நான் வாய்க்காலில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்வதற்குள்

(பிறகு எழுதுகிறேன்.)

செப்டம்பர் 28, சனி

மாயவரம் ஆஸ்பத்திரி. அஞ்சலைக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிவு. முகம் வீங்கி ஒரு கண் தெரியவில்லை.

கழற்று என்றார்களாம். மாட்டேன் என்றாளாம். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு ரோட்டில் குந்திவிட்டாளாம். அந்தக் கையில்தான் அடித்தார்கள்.

மாரிமுத்துவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க கொடுத்துட்டுப் போயிட்டீங்க, டீச்சர். போட்டுக்கிட்டு நின்னவ அவ" என்றான். அவ்வளவுதான். பீடி பற்றவைக்க வெளியே போனான்.

அஞ்சலை தலையணைக்கடியிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுக்கச் சொன்னாள். மயில்கழுத்து. இடது கைப் பக்கம் நீளவாக்கில் வெட்டு.

"அவங்க கிழிக்கல. கை வீங்கிப்போச்சுன்னு இங்க கம்பவுண்டர்தான் கத்தரிச்சாரு. அவங்களால முடியல." அதைச் சொல்லும்போது அடிபட்ட உதடு ஒரு பக்கம் ஏறியது. "கொண்டுபோய்த் தச்சு எடுத்தாங்க."

ஆபீசில் மெமோ காத்திருந்தது. அரசு உடைமை ரவிக்கை ஒன்று குறைவதற்கு விளக்கம் தேவை. போலீசில் ஏஜண்டு மனு: அஞ்சலை திருடினாள். அடித்தவர்கள் பற்றி மனு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. "நான் கொடுத்தேன்" என்று இரண்டே வார்த்தை எழுதி பி.டி.ஓ.விடம் நீட்டினேன். "கொஞ்சம் யோசிம்மா" என்றார். தையல் மெஷின் அறைச் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

பேப்பரில் படம் வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை. ஏழு பெண்களும் ஒரே சாம்பல்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மழை. ரவிக்கையை ஊறவைத்தேன். துணியில் இரத்தம் தெரியவே இல்லை. தண்ணீரில்தான் தெரிந்தது. மூன்று வாளி.

செப்டம்பர் 30, திங்கள்

அந்த நிற நூல் எங்கும் இல்லை. கறுப்பு நூல். கையாலேயே தைத்தேன், தையல் தடித்துத் தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அஞ்சலை விரித்துப் பார்த்தாள். மாவுக்கட்டுக் கையை ரவிக்கைக் கையின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இதுல எப்படி நுழையும்?"
"கட்டு பிரிச்சப்புறம் போட்டுக்கலாம் அஞ்சல."
"ஒன்றரை மாசம்கிறாரு டாக்டரு. நாளன்னிக்கு என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. அவங்க தெரு வழியாத்தானே போகணும்? பழயபடி போகச் சொல்றீங்களா?"

ரவிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"டேப்பு இருக்கா? கட்டு மேலயே எடுங்க."

எடுத்தேன்.
வலது கை: ஒன்பது.
இடது கை, மாவுக்கட்டோடு: பதினாலரை.