ஒரு வலைக்கு மூன்று பேர்

ஜூன் 4

காலைப் பயிற்சிக்கு ஆறு பேர் வந்தார்கள். பந்துகள் எட்டு இருந்தன. ஆளைவிடப் பந்து அதிகமாக இருக்கும் கால்பந்து அணி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நடுக்களத்தில் ஆடும் சுருட்டைமுடிக்காரி வரவில்லை. உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். மதியம் செய்தி வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கல்லூரியில் சேர்ந்துவிட்டாளாம். போன மாதம்தான் என் அறையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க இருக்கற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன் மேடம்" என்றாள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

ஜூன் 5

நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

ஜூன் 9

கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போடுவார். இன்றைக்கு நாற்காலியும் போட்டு மின்விசிறியையும் கூட்டினார்.

போன ஆண்டுக் கதையை எடுத்தார். தொடர் நடக்கும்போதே எங்கள் கோல்கீப்பர்கள் இரண்டு பேரும் விலகிவிட்டார்கள். தடுப்பாட்டக்காரி ஒருத்தியை வலைக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் ஏழு கோல் வாங்கி, விரலையும் ஒடித்துக்கொண்டாள். அடுத்த ஆட்டத்துக்கு ஆளில்லாமல் வெறும் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தோம். கல்லூரிக்கே தலைகுனிவு என்றார். இந்த அக்டோபரில் பதினோரு பேருடன் போய்த் தொடரை முழுசாக ஆடிவிட்டு வந்தால் அணி இருக்கும், இல்லையென்றால் மூடிவிடலாம் என்றார். "நீங்களும் எவ்வளவு நாள்தான் அல்லாடுவீங்க?" என்று அவர் கரிசனமாகக் கேட்டதுதான் தாங்கவில்லை.

அணியை மூடினால் எனக்கு அலுவலகத்தில் ஏதாவது மேசை கொடுப்பார்கள். சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மைதானத்து மூலையில் இருக்கும் இந்த அறை, விடிந்ததும் விசிலை எடுத்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம், என்னை மேடம் என்று கூப்பிட நாலு பேர் — இதெல்லாம் போய்விடும். இவ்வளவுதானா என்னிடம் இருப்பது? இவ்வளவுதான்.

ஜூன் 14

ஆள் பிடிக்கக் கிளம்பியாயிற்று. முதலில் கோல்கீப்பர் வேண்டும். மற்ற இடங்களுக்கு யாரையாவது தேற்றிவிடலாம்.

வீட்டுக்குப் போனால் அப்பாவிடம் பேசக்கூடாது. அப்பாக்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அம்மாவிடம்தான் பேசவேண்டும். விடுதிக் கதவை எப்போது பூட்டுவார்கள் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்குப் பார்த்தவள் நெட்டை. வாசற்படியில் குனிந்துதான் வெளியே வந்தாள். பந்து அவள் கைக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. கிளம்பும்போது அவள் தோளைத் தட்டி, "கோல் உனக்குத்தான். வேற யாரையும் நான் பார்க்கல" என்றேன்.

ஜூன் 17

இரண்டாவது பெண்ணைப் பார்த்தேன். அழுத்தக்காரி. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவள் கையுறையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் அண்ணன்தான் எல்லாம். அவன் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் நான் அவன் தங்கையைக் கேட்டு வந்தவளா, திருட வந்தவளா என்றே சந்தேகம் வரும். அவளிடமும் சொன்னேன். கோல் உனக்குத்தான்.

ஜூன் 18

மூன்றாவது, வாளிக்கடைக்காரர் மகள். வாளி, குடம், துடைப்பம், நாற்காலி என்று கூரை வரைக்கும் அடுக்கிய கடை. யாராவது மேலே இருந்து வாளியைத் தட்டிவிட்டால் பார்க்காமலே ஒரு கையால் பிடித்துவிடுகிறாள். எனக்கு வேறு சோதனையே தேவைப்படவில்லை. அவளிடமும் அதே வார்த்தை.

இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் செய்வதுதான் இது. ஓர் இடத்துக்கு மூன்று பேரிடம் பேசுவோம். ஒருத்தியை வீட்டில் விடமாட்டார்கள். ஒருத்தியைப் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும். மிஞ்சுகிறவள் வருவாள், அவளுக்குச் சொன்னது உண்மையாகிவிடும். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. அக்கா போன் செய்தாள். ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கப் போகிறாயாமே, அதில் ஒரு மாப்பிள்ளையும் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். பத்து வருடமாக அதே கேலி. முன்பெல்லாம் சிரித்துவிட்டுச் சண்டை போடுவேன். இன்றைக்கு அவள் போனை வைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜெர்சிகளைத் துவைத்துப் போட்டேன். ஆட ஆளில்லாத எண்களையும் சேர்த்து.

ஜூலை 1

மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

ஒருத்தி பெட்டியோடு, ஒருத்தி பையோடு, ஒருத்தி அப்பாவின் கடை வாளியில் துணியை அடைத்துக்கொண்டு. மூன்று பேர் கையிலும் கோல்கீப்பர் கையுறை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் என் முகத்தில் ஈயாடவில்லை.

ஜூலை 2

விடுதிக் காப்பாளர் அம்மாவுக்கு என்மேல் என்ன கோபமோ, மூன்று பேரையும் ஒரே அறையில் போட்டுவிட்டார். விளையாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாராம்.

ஜூலை 3

பயிற்சி முடிந்ததும் மூன்று பேரும் என் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். நெட்டைதான் பேசினாள்.

"எங்க மூணு பேர்கிட்டயும் ஒரே வார்த்தைதான் சொன்னீங்களா மேடம்?"

போட்டி இருந்தால்தான் ஆட்டம் வளரும், ஒருத்திக்கு அடிபட்டால் இன்னொருத்தி வேண்டும் என்று என்னென்னவோ அடித்து விட்டேன். எனக்கே காது கூசியது. வாளிக்கடைக்காரி மட்டும் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்கப்பாகூட இப்படித்தான், எல்லா வாளிக்கும் உடையாதுன்னு சொல்லுவாரு" என்றாள். அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 6

நெட்டை போய்விட்டாள். அந்தப் பெரிய கல்லூரிக்குத்தான். அங்கே பயிற்சியாளராக இருப்பவள் என்னோடு ஒரே அணியில் ஆடிய தோழி. அவளே போன் செய்து, "தப்பா எடுத்துக்காதடி, அவளாத்தான் வந்தா" என்றாள். நீ எத்தனை கீப்பரிடம் பேசியிருந்தாய் என்று கேட்டேன். நாலு என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்ததும் அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 20

முடிவு சொல்லித்தான் ஆகவேண்டும். அழுத்தக்காரிக்கு நிதானம் அதிகம். அவள்தான் முதல் கீப்பர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வாளிக்கடைக்காரி கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 24

வாளிக்கடைக்காரி பயிற்சிக்கு வருவதில்லை. விடுதியையும் காலி செய்துவிட்டாள். வகுப்புக்கு மட்டும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாளாம். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள், யாரோ ஒரு ஆசிரியைக்குச் சொல்வது போல.

ஆகஸ்ட் 11

நல்ல நாள். இப்போது பதினோரு பேர் இருக்கிறார்கள், சரியாக. ஓட்டப் பந்தயத்திலிருந்து இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். பந்து அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, ஆனால் நன்றாக ஓடுகிறார்கள்.

அழுத்தக்காரி சாயங்காலங்களில் என் அறைக்கு வந்து பந்துக்குக் காற்றடிக்கிறாள். பேசுவதில்லை. அவள் அடிப்பாள், நான் அழுத்திப் பார்ப்பேன். இன்றைக்குத் தானாகவே ஒன்று சொன்னாள். கோல் உனக்குத்தான் என்று நான் சொன்னபோதே அது பொய் என்று அவளுக்குத் தெரியுமாம். தெரிந்தும் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"அந்த வீட்டை விட்டு வரணும் மேடம். நீங்க என்ன சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்."

ஆக, என் வார்த்தையை நம்பி வந்தவள் ஒருத்தியும் மிஞ்சவில்லை. ஆனாலும் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த அறையில் இரண்டு பேர் மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 29

நெட்டைக்கு முழங்கால் போய்விட்டது. இந்த ஆண்டு ஆடமாட்டாள். செய்தி கேட்டதும் பாவம் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அங்கே இப்போது ஒரு கீப்பர் வேண்டுமே.

செப்டம்பர் 2

அழுத்தக்காரி வந்தாள். இன்றைக்குப் பம்பைத் தொடவில்லை. பெரிய கல்லூரியில் இருக்கும் என் தோழி அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். படிப்பு முடியும்வரை விடுதி, விடுமுறையிலும் அங்கேயே தங்கலாம். எங்கள் விடுதியை விடுமுறைக்குப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் அவள் அண்ணன் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

என் வாயில் எல்லாம் தயாராக வந்து நின்றது. அடுத்த ஆண்டு நீதான் கேப்டன். காப்பாளரிடம் பேசி உனக்கு மட்டும் அறையைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். நீ போனால் அணியே போய்விடும், என்னை நினைத்துப் பார். அவற்றில் கடைசி ஒன்றுதான் உண்மை. அதையும் சொல்லவில்லை.

"போ" என்றேன். "அங்க கோச் நல்லவ. கொஞ்சம் கத்துவா, கண்டுக்காத."

"நீங்க போகாதன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

சொன்னால் இருப்பாயா என்று கேட்கவில்லை. இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

செப்டம்பர் 3

பஸ் நிறுத்தம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நேரில் சொல்லிவிட்டுப் போன முதல் பெண். இதுக்கு அந்தச் சுருட்டைமுடிக்காரி மாதிரி செய்தி அனுப்பிட்டே போயிருக்கலாம். வலிக்குது.

செப்டம்பர் 5

பத்துப் பேர்.

செப்டம்பர் 13

வாளிக்கடைக்குப் போனேன். இரண்டு முறை கடையைத் தாண்டி நடந்துவிட்டுத்தான் படி ஏறினேன். அவள் கல்லாவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாடிக்கையாளர்களைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு பெண்மணி மூடிபோட்ட வாளிக்கு எல்லா நிறமும் எடுத்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். கடைசியில் அந்தப் பெண்மணி ஒரு சோப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போனார். அதுவரைக்கும் துடைப்பங்களுக்கு நடுவில் நின்றேன்.

"என்ன சொல்லிக் கூப்பிட வந்திருக்கீங்க?" என்றாள்.

"ஒண்ணும் சொல்ல வரல. அவ போயிட்டா. கோல்ல நிக்க ஆள் இல்ல. நீ வரலன்னா அணிய மூடிடுவாங்க."

"அப்ப நான் கெடச்ச ஆளா?"

"ஆமா."

உள்ளே அவள் அப்பா இருமினார். அவள் காட்டிய வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். உங்களை மன்னிக்கவெல்லாம் முடியாது என்றாள். கேட்கவில்லை என்றேன். இன்னொரு ஆள் உள்ளே வந்தார், அவள் அவரைக் கவனிக்கப் போய்விட்டாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20

வரவில்லை. முதல்வரிடம் சொல்லிவிடலாமா?

செப்டம்பர் 27

வந்தாள். மாலைப் பயிற்சியில் யாரையும் பார்க்காமல் நேராகப் போய் வலைக்கு முன்னால் நின்றாள். என்னிடம் பேச்சு இல்லை. நான் சொல்வதையெல்லாம் செய்கிறாள், பதில் மட்டும் கிடையாது. அதுவும் சரிதான்.

அக்டோபர் 18

தொடர் முடிந்தது. மூன்று ஆட்டங்களையும் பதினோரு பேருடன் ஆடினோம். ஒன்று சமன், இரண்டில் தோல்வி. கடைசி ஆட்டம் பெரிய கல்லூரியோடு. எதிர் வலையில் அழுத்தக்காரி நின்றாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். எங்கள் வாளிக்கடைக்காரி தடுத்தவற்றை எண்ணவே முடியாது, ஒன்றுதான் போயிற்று. ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது அழுத்தக்காரி என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அந்தப் பிள்ளை கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் வழக்கம்போல் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்து, அடுத்த ஆண்டு யார் யார் போவார்கள் என்று மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். வாளிக்கடைக்காரி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. மருந்தை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

ஊர் நெருங்கும்போது கேட்டாள்.

"திங்கக்கெழம காலையில பயிற்சி எப்ப?"

தொடர் முடிந்துவிட்டது, இந்த மாதம் இனிப் பயிற்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆறு மணி" என்றேன்.

"எனக்கு முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான். ஆறரைன்னு வையுங்க."

ஆறரை என்று வைத்திருக்கிறேன்.