டியார்மிட் கில்ஃபில்லன் பெயருக்குக் கீழே

கோராவேன் ஏரிக்கரை,
ஜூன் மாதம், 1893.

என் அன்புக்குரிய டியார்மிட்டுக்கு,

உங்கள் எஃபி எழுதுகிறேன். நானும் மகள் கிரிசெலும் இரண்டு பசுக்களும் சுகம். கூரைதான் சுகமில்லை. கனடாவின் வின்னிபெக்கில் நீங்கள் கடைசியாகத் தங்கியிருந்த விடுதிக்கே இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். அந்த விடுதிக்காரம்மா நல்ல மனுஷியாக இருந்தால், நீங்கள் இருக்கும் இடம் தெரிந்து அனுப்பி வைப்பாள்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் சொன்னதெல்லாம் நிஜம். நீங்கள் கோராவேன் பிரபு வம்சம்தான்.

சாராயக் கடையில் நீங்கள் பாட்டன், பூட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கியதுமே கொல்லன் டூகல் எழுந்து, "பிரபு வர்றாருடா, வழிய விடுங்கடா" என்று கத்துவானே. அதே டூகல் போன ஞாயிறு தேவாலய வாசலில் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.

நடந்தது இதுதான். குளிர்காலத்தில் பெரிய வீட்டுக் கிழவர் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்த பிரபு யார் என்று கண்டுபிடிக்க எடின்பரோ வக்கீல்கள் பிரிங்கிள் என்று ஒருவரை அனுப்பினார்கள். பெரிய குடும்பங்களின் வேர் தேடுவதுதான் அவர் தொழில். ஒல்லியான ஆள். மழையில் கல்லறைகளுக்கு நடுவே மண்டி போட்டுப் பாசி சுரண்டுவதென்றால் அவருக்குக் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். வம்ச மரம் வரைந்த அவருடைய தாள் மேஜையில் அடங்காது என்று தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்திருக்கிறோம். நேற்று நம் கோழி ஒன்று மூன்று பிரபுக்களின் மேல் சாவகாசமாக நடந்து போயிற்று.

உங்கள் அப்பா காலத்தில் லண்டனிலிருந்து ஒருத்தர் வந்து நம் கிளையை வெட்டிவிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்துப் பிரபுவின் இளைய மகன் லாக்லன் மூன்று வயதிலேயே இறந்துவிட்டான், கல்லறையே சாட்சி, அவன் எப்படி உங்களுக்குக் கொள்ளுத்தாத்தாவாக இருக்க முடியும் என்றார். ஊரே சிரித்தது. பிரிங்கிளும் அதே கல்லைத்தான் சுரண்டினார். ஆனால் அவர் இந்த மண்ணின் ஆள். நேராக என்னிடம் வந்து, "ஏம்மா, செத்த புள்ளையோட பேர அடுத்த புள்ளைக்கு வைக்கிற வழக்கம் இங்கயும் உண்டா?" என்று கேட்டார்.

அவரைக் கல்லறைத் தோட்டத்தின் ஏரிப்பக்க மூலைக்கு அழைத்துப் போய், நம் முதல் கிரிசெலின் சின்னக் கல்லைக் காட்டினேன். திரும்பி வந்ததும், தேநீர் கொண்டு வந்தவளைக் காட்டி, "இவளும் கிரிசெல்தாங்க" என்றேன். மறு வாரமே தேவாலயப் பதிவேட்டில் இரண்டாவது லாக்லன் அகப்பட்டுவிட்டார். முதல் பிள்ளை போன அடுத்த வருஷம் பிறந்து, அண்ணன் பெயரையே வாங்கிக்கொண்டு, எண்பது வயது வரை நன்றாக வாழ்ந்திருக்கிறார்.

இப்போது இங்கே கோடை இரவிலும் வெளிச்சம் போவதே இல்லை. மூடுபனி ஏரியிலிருந்து எழுந்து வாசல் வரை வந்து நிற்கிறது. பாத்திரம் கழுவிவிட்டு அந்தத் தாளின் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுகிறது. போன வாரம் அப்படித்தான் ஒரு கனவு. தாளில் இருந்த மரம் நிஜ மரமாகிக் காடாக நின்றது. கிளைக்குக் கிளை உங்கள் முன்னோர்கள். அத்தனை பேருக்கும் உங்கள் மூக்கு! எங்கே என் வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். எல்லோரும் கீழே, இன்னும் கீழே என்று கை காட்டுகிறார்கள். ஆகக் கீழே இருந்த கிளையில் உங்கள் கோட்டு மட்டும் தொங்கியது. அப்படி ஒரு மழை, கோட்டு நனையவே இல்லை. பைக்குள் கை விட்டேன். கதகதப்பாக இருந்தது. விழித்த பிறகும் கையில் அந்தச் சூடு இருந்தது.

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமான விஷயம். செத்தவர்களுக்குப் பெயருக்குக் கீழே இரண்டு தேதி. இருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் பெயருக்குக் கீழே என்ன எழுதட்டும் என்று பிரிங்கிள் கேட்டார். நீங்கள் இருந்தால் நீங்கள்தான் பிரபு. நேரில் வர வேண்டும், அல்லது உங்கள் கைப்பட எழுத வேண்டும். இல்லையென்றால் பட்டமும் பெரிய வீடும் நம் கிரிசெலுக்குப் போகும். இந்தக் குடும்பத்தில் பெண்ணும் பட்டம் ஏற்கலாமாம். ஏழு வருஷம் சேதி இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவர்தானாம். வருகிற நவம்பரோடு ஏழு முடிகிறது.

கிரிசெல் சட்டென்று சொன்னாள்: "ரெண்டாவது தேதியும் எழுதச் சொல்லிடுங்கம்மா. அப்பா இருந்தா ஒரு வரி போட்டிருக்க மாட்டாரா? இன்னும் எத்தனை மழைக்கு இந்தக் கூரைக்கடியில பானை வச்சிட்டு நிப்பீங்க?" சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பென்ன?

ஆனாலும் ஒரு தேதியோடு நிறுத்தச் சொன்னேன். அடுத்து என் பெயர். நம் வழக்கப்படி என் அப்பா வீட்டுப் பெயரோடு எழுதினார். அதன் பக்கத்தில் மனைவியா, விதவையா என்று ஒரு சொல் வேண்டுமே. அவர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். "மனைவின்னு போடுங்க" என்றேன். "நவம்பர்ல மறுபடி வந்து கேப்பேம்மா" என்றார்.

டியார்மிட், பிரபுவாக வர வேண்டாம். வரவே வேண்டாம். அங்கே உங்களுக்கு வேறொரு வீடு, வேறொரு பெண், பிள்ளைகள் இருந்தாலும் இருக்கட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்தப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள், தாளில் இடம் இருக்கிறது. உங்கள் கையெழுத்தில் "இருக்கிறேன்" என்று ஒரே ஒரு வரி போதும். பிரிங்கிள் பேனாவோடு திரும்பி வருவதற்குள் அது வந்து சேரட்டும்.

எந்தக் கூரைக்குக் கீழே நீங்கள் தூங்கினாலும், கடவுள் அதை ஒழுகாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
எஃபி என்கிற யூஃபிமியா மக்கெல்வி.