நுரை அடங்காத பாட்டில்

திண்டுக்கல்,
3.2.1998

என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியம், வருங்கால நர்ஸம்மா அன்னாளுக்கு,

அய்யலூர் ஆட்டுச் சந்தையின் முடிசூடா மன்னன், உன் தாய்மாமன் சவரிமுத்து எழுதுவது. நானும் உன் அத்தையும் ஆடுகளும் சுகம்.

திருவிழாவில் என் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துட்டு, மூத்திரம் டெஸ்ட் பண்ணச் சொன்னேல்ல? பண்ணியாச்சு. பாட்டிலை மஞ்சப்பைக்குள்ள, பையைத் துண்டுக்குள்ள, துண்டைக் கக்கத்துக்குள்ள ஒளிச்சுல்ல கொண்டு போனேன்! லேப்புல யாரு? அப்துல் ஜப்பார் பாய் மக ஜெய்தூன் பீவி. என் தோள்ல ஏறி வளர்ந்த பிள்ளை. ரிசல்ட்டைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னு, "மாமா, காவிரித் தண்ணிகூட இம்புட்டுச் சுத்தமில்ல"ன்னுட்டா.

ரிப்போர்ட் இத்துடன். கருவாட்டுக்குப் போட்ட தடையை உடனே நீக்கவும்.

சக்கரவர்த்தி சவரிமுத்து

திருச்சி,
9.2.1998

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளையடிக்கும்போது அத்தை சாமானையெல்லாம் வாசல்ல இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்பாங்கல்ல? கிட்னியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டி இறக்குது. தண்ணி, உப்பு, சர்க்கரைன்னு ஏறக்குறைய எல்லாத்தையும் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துடுது. மிஞ்சுற ஒண்ணரை லிட்டர்தான் வெளியே போகுது.

ஆனா அது எடுத்து வைக்கிறதுக்கும் ஒரு அளவு உண்டு. சர்க்கரை மீறினா மிச்சம் மூத்திரத்துல வந்தே தீரும். போன மாசம் உங்க ரத்தத்துல முந்நூறு. இந்த ரிப்போர்ட்ல துளிகூட இல்லை.

உப்பு தின்ன ஆடு தண்ணி குடிச்சு உப்பி நிக்கும், கொழுப்புன்னு ஏமாறக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? உங்க கால் அப்படித்தான் நிக்குது.

மாமா, இது யாரோடது? என்னைச் சிரிக்க வைக்காமப் பதில் எழுதுங்க.

அன்னாள்

திண்டுக்கல்,
14.2.1998

தாயி அன்னாளு,

நாச்சிமுத்தோடது.

முதல்ல என்னோடதைத்தான் பிடிச்சேன். டீ மாஸ்டர் ஆத்தின மாதிரி நுரைச்சுது. அடங்கவே இல்லை. அதுல என் பேரை ஒட்டி ஜெய்தூன் கையில குடுக்கக் கூசிப்போச்சு. கொட்டிட்டு, சந்தையில என்கூட ஆட்டு யாவாரம் பண்ற நாச்சிமுத்துகிட்டப் பாட்டிலை நீட்டினேன். "ஏய்யா, இதையுமா இரவல் வாங்குவ?"ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

நல்ல ஆட்டைக் காட்டிட்டு நோஞ்சானைக் கட்டிவிடுற யாவாரத்தை உங்கிட்டயே பண்ணிட்டேன். நீ ராத்திரி பகலாப் படிக்கிற பிள்ளை. உன் முகத்துல எப்படி முழிப்பேன்?

இன்னைக்குக் காலையில மறுபடி பிடிச்சேன். பை இல்லை, துண்டு இல்லை. கையில பிடிச்சுக்கிட்டே பஸ் ஸ்டாண்டு வழியா நடந்தேன். "என்னண்ணே, கொடைக்கானல் தேனா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "என் மூத்திரம்ப்பா"ன்னேன். அவன்தான் தலையைக் குனிஞ்சான்.

சர்க்கரை மூணு பிளஸ். புரதம் மூணு பிளஸ். நுரைக்கு அதுதான் காரணம்னு ஜெய்தூன் சொன்னா.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸுல வாரேன். பெரிய டாக்டர்கிட்ட நீயே கூட்டிட்டுப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னொண்ணு. அன்னைக்கு ஜெய்தூன் எந்திரிச்சு நின்னதா எழுதினது பொய். இன்னைக்குத்தான் எந்திரிச்சா. தன் நாற்காலியில என்னை உட்கார வச்சா.

சவரிமுத்து