கோணம் நகர்ந்தது

அக்கா,

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ உன் மகள் நமுகாசாவைக் கம்பாலாவுக்குக் கூட்டி வந்தபோது, எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் உருவாக்கிவரும் கருவியில் அவள் ரத்தத்தைச் சோதித்தேன். கிருமி இருந்தால், தங்கப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் நகர வேண்டும். நகரவில்லை.

"காசநோய் இல்லக்கா, பயப்படாம கூட்டிட்டுப் போ" என்றேன். நீயும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பினாய்.

இந்த வாரம் தங்கத்தின்மேல் மெல்லிய கரிப்படலம் ஒன்றைச் சேர்த்தோம். கருவி பத்து மடங்கு நுட்பமாகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அவள் ரத்தத்தை எடுத்துக் கருவியில் மறுபடி சோதித்தேன்.

கோணம் நகர்ந்தது, அக்கா. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும்.

அவளை அடக்கம் செய்த அன்று, "நீ என்னடி பண்ணுவ, அழாத" என்று என்னைத் தேற்றினாய். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்.

உன் தங்கை